இரண்டாவது க்ளிக்

கொழுந்து நிறுப்பது என் வேலை.
கட்டபெட்டு லீஃப் ஷெட்டில் பதினாலு வருஷம்.
சாக்குக்கு ஒரு கிலோ,
மழை நாளென்றால் ஈரத்துக்கு இரண்டு
கழித்துத்தான் நோட்டில் எழுதுவேன்.
ஏசுவார்கள். பழகிவிட்டது.

என்னை நிறுத்தால் நூற்றுப் பதினொன்று.
அதில் யாரும் எதையும் கழிப்பதில்லை.

மே மாதம். பூக்காட்சிக் கூட்டத்தோடு கூட்டமாக
ஊட்டிக்கு நாங்களும் ஏழு பேர்.
ஏரிக்கு மேலே சரிவில் புதிதாக ஒரு டிராகன்.
பச்சைப் பெயின்ட், சிவந்த நாக்கு,
வயிற்றுக்குள் வரிசைக்கு இரண்டு இருக்கை.
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து,
நூற்றைம்பது ரூபாய் டிக்கெட்டைப்
பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன்.

இருக்கைக்கு இரு பக்கமும் ஃபைபரில் ஒரு மேடு.
இடுப்பென்றால் இவ்வளவுதான் என்று
எங்கோ யாரோ முடிவு செய்து வார்த்த மேடு.
அதற்குள் அல்ல, அதன்மேல் உட்கார்ந்தேன்.
கம்பி இறங்கியது.
ஒரு க்ளிக்.
பையன் அழுத்தினான்.
மூச்சை விட்டேன், விட்ட பிறகும் இன்னும் விட்டேன்.
அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
அதே ஒரு க்ளிக்.

பின்னால் யாரோ செருமினார்கள்.
முழு டிராகனும் எனக்காக நின்றது.

பையன் குனிந்து, காதருகே,
பக்கத்து இருக்கைக்கும் கேட்காத குரலில்:
"அக்கா, ரெண்டு விழணும்."
அந்தக் குரலுக்காக அவனை மன்னித்தேன்.
சட்டையில் ரெஜி என்று எழுதியிருந்தது.

"எடை தாங்காதா தம்பி?"
"தாங்கும்க்கா. காலையில சீட்டுக்கு நூறு கிலோ
மணல் மூட்டை வச்சு மூணு ரவுண்டு ஓட்டுவோம்.
எடையில்ல. அகலம்."

மணல் மூட்டை!
தினமும், டிக்கெட் இல்லாமல்,
பனி விலகாத ஏரியைப் பார்த்தபடி
ஒரு சத்தமும் போடாமல் சுற்றி வந்து இறங்குகிறது.
அதற்கு இடுப்பில்லை, முட்டியில்லை.
எதில் வைத்தாலும் அதுவாகிவிடும்.
நான்தான் என் வடிவத்தை விடமாட்டேனென்கிறேன்.

இறங்கியவளிடம் பைகளைக் கொடுத்தார்கள்.
தவமலருடையது ஒன்றரை.
ஸ்டெல்லாவுடையது மூன்றே கால், டிபன் கேரியரோடு.
மேலே அலறினார்கள். எந்த அலறல் யாருடையது
என்று பார்க்காமலே சொல்வேன்,
தராசடியில் கேட்ட குரல்கள்தானே.

டிக்கெட் கவுண்டர் பக்கத்தில்
சங்கிலி போட்ட ஒற்றை இருக்கை.
சக்கரமில்லை, நாக்கில்லை.
'உட்கார்ந்து பார்த்து டிக்கெட் வாங்கவும்.'
வரும்போது அது போட்டோ எடுக்க வைத்ததென்று நினைத்திருந்தேன்.

ஒருவர், சேலம் பக்கம் போல,
வேட்டி, குரங்குக் குல்லா, என்னிலும் அரைச் சாக்கு கூட,
அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
மனைவி மக்களைச் சோளம் வாங்க அனுப்பிவிட்டு
உட்கார்ந்தார்.
ஒரு க்ளிக்.

ஆறு பைகளோடு போய் நின்றேன்.
"அந்தப் பச்சை பெல்ட்டைக் கழட்டுங்க.
போனையும் எடுங்க.
நல்லாப் பின்னால ஒட்டி, முதுகை நிமித்தி,
காலை முன்னால நீட்டி... இப்ப."

க்ளிக்.

கம்பியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.
"விழுந்துருச்சுல்ல?"
"விழுந்துருச்சு."
"உங்களுக்கு?"
பைகளுக்கு நடுவே ஒரு விரலைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.
பிறகு எழுந்து, பெல்ட்டைக் கட்டி,
கவுண்டரைத் தாண்டிச் சோளக்காரன் பக்கம் நடந்தார்.
"ஏறலையா?"
"எனக்குத் தலை சுத்தும்மா."

டிராகன் இறங்கியது.
கலைந்த முடியோடு ஆறு பேர்.
பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.
கழிவு எதுவும் போடவில்லை.